குளவிக்காகச் சாத்தாத கதவு

இரத்தோட்டை
10 ஜூலை

அன்புத் தங்கச்சி பஹ்மிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் மச்சானும் பஸ் ஏறிய மறுநாள், ஜூலை ஐந்தாம் தேதி, ளுஹர் தொழுத பின் என் குசினியில் இருந்தவர்கள் இவர்கள்: நான், அக்குறணையிலிருந்து வந்திருந்த ஜைனுதீன் நானா, அவர் மனைவி மைனி, பக்கத்துத் தோட்ட லயத்துச் சுந்தரம்மா, அவள் மகள் அனுஷியா. ஆறாவதாக ஒரு குளவி. யாரையும் எண்ணாமல் விடவில்லை.

பேசியவர் நானா ஒருவர்தான். “இத்தா முடியட்டும். நாலு மாசம் பத்து நாள். முடிஞ்ச மத்த நாள் காலையில லொறி கொண்டு வாறேன். சாமானை ஏத்திட்டு நீ எங்களோட அக்குறணைக்கு வந்துடு. தனிப் பொம்புள இந்த மலையடியில இருக்க ஏலா. ஊரு என்ன செல்லும்?” என்றார். சுவரில் இருந்த கலண்டரை எடுத்து, முஸம்மில் மௌத்தான ஜூன் இருபத்தேழிலிருந்து விரல் விட்டு எண்ணி, நவம்பர் ஆறைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். ரிவர்ஸ்டன் மலை பார்க்க வருகிற ஆட்களுக்கு அறை விடும் ஒருவருக்கு வீட்டைக் கொடுக்கலாம் என்று பேசியும் விட்டாராம்.

இது வாப்பா என் பெயருக்கு எழுதிய வீடு. முஸம்மிலும் நானும் இருபத்தாறு வருடம் இருந்த வீடு. பிள்ளை இல்லை என்பதால் வீடு இல்லை என்று ஆகிவிடுமா? மையித்து போன வீட்டில் தர்க்கம் கூடாது என்று நான் வாய் திறக்கவில்லை. உனக்குச் சொல்கிறேன், நான் போக மாட்டேன். நானா என் பேச்சைக் கேட்க மாட்டார், உன் பேச்சைக் கேட்பார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்.

இனிக் குளவி. என் பின்கதவு உள்பக்கம் திறந்து சுவரோடு சாய்ந்து நிற்கும் அல்லவா? கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. அதற்குள் போயிற்று. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், இடுப்பு ஒரு நூல். வாயில் பருப்பளவு ஈரமண். அதை வைத்துத் தேய்க்கும்போது ஒரு பாட்டு, தையல் மெசின் ஓடுவதுபோல. நானா நவம்பரைப் பேசி முடிக்குமுன் ஆறு நடை போய்வந்துவிட்டது. மண் எடுப்பது நம் துவைகல்லடியில், பைப் ஒழுகுகிற இடத்தில். அந்தப் பைப்பைத் திருத்தச் சொல்லி முஸம்மிலை ஒரு வருடம் நச்சரித்தேன். இப்போது ஒழுகட்டும்.

முஸம்மில் மிளகு நிறுத்து எழுதிய கொப்பியில் பின்பாதி வெறுமையாக இருந்தது. அதில் குளவியின் நடைகளைக் குறிக்கிறேன். புருஷனுக்காக இத்தா இருந்து, வெள்ளை உடுத்திக்கொண்டு நாலு சுவருக்குள் இருப்பவளுக்கு, ஓதித் தொழுத நேரம் போக, மிச்ச நேரம் நிறைய.

முஸம்மிலின் போனை நானா கொண்டுபோய்விட்டார், வியாபாரிகள் எடுத்தால் தானே பேசுவதாக. சுந்தரம்மாவின் போன் இருக்கிறது. ஆனால் அதில் பேசினால் லயம் முழுக்கக் கேட்கும். கடிதம் போதும். அனுஷியா வேலைக்குப் போகும்போது தபாலில் போடுவாள்.

உன் முழங்கால் வலி எப்படி? மகள் நிப்லாவுக்கு என் துஆ. மச்சானுக்குச் சலாம்.

ராத்தா
முனவ்வரா


பரகஹதெனிய
19 ஜூலை

அன்புள்ள ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அதை விட்டுவிட்டுக் குளவிக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குக் குளவி என்றாலே உடம்பு கூசுகிறது. ஓதப்போன இடத்தில் என் கண் இமையில் கொட்டி, மூன்று நாள் ஒற்றைக் கண்ணோடு திரிந்தேனே, மறந்துவிட்டீர்களா? நீங்கள்தான் சுண்ணாம்பு பூசிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், ராத்தா.

நானாவிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன். இப்போது சொன்னால் கத்துவார். கொஞ்சம் ஆறட்டும்.

நிப்லா ஆசிரியர் கலாசாலை விடுதியில் சுகம். மாதம் ஒருமுறைதான் வருகிறாள். இவர் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டப் போய் நேற்றுத்தான் வந்தார். உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னார். வீட்டுக் கூரை ஒழுகினால் மழைக்கு முன் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

முழங்கால் ஏறி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது. துஆச் செய்யுங்கள்.

தங்கச்சி
பஹ்மிதா


இரத்தோட்டை
30 ஜூலை

அன்புப் பஹ்மிக்கு, அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும்.

சாப்பிடுகிறேன். நேற்று இராச்சோற்றுக்குப் பலாக்கொட்டைக் கறி. போதுமா? இனி நான் கதைக்கலாமா?

கதவைச் சாத்த முடியாது. குளவி கூட்டைக் கதவிலும் சுவரிலும் சேர்த்தே ஒட்டிவிட்டது. சாத்தினால் உடையும். ஆகவே இருபத்தைந்து நாளாகப் பின்வாசல் திறந்திருக்கிறது. வெளியே தெரியாமல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். படுக்கும்போது குசினிக்கும் அறைக்கும் நடுவில் உள்ள கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேன். சுந்தரம்மா வந்து கூடப் படுக்கிறாள். அவள் குறட்டைக்குக் கள்ளன் வர மாட்டான்.

கொப்பியில் உள்ளதைச் சொல்கிறேன். ஓர் அறைக்கு முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் மண் நடை. அறை என்றால் உன் சுண்டுவிரல் நீளம், ஒரு பக்கம் வாய். கட்டி முடித்த பிறகு சிலந்தி வேட்டை. கோப்பிச் செடியிலும் மிளகுக் கொடியிலும் இலை இலையாகத் தேடுகிறது. ஒருநாள் என் கண்முன்னே பிடித்தது. ஒரு கொட்டு, அவ்வளவுதான். சிலந்தி சாகவில்லை, கால் மட்டும் இலேசாக நடுங்குகிறது. ஓட முடியாது, கெட்டும் போகாது. ஓர் அறைக்கு முதல் சிலந்தியிலேயே ஒரு முட்டை இட்டு, பதினொன்று, பதினான்கு என்று அடுக்கி, வாயை மண்ணால் மூடிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? தேனீக்கு வஹீ அறிவித்த அல்லாஹ் இதற்கும் அறிவித்திருப்பான்.

சுந்தரம்மா கூட்டைப் பார்த்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? “கொளவி வூட்டுல கூடு கட்டுனா புள்ள பொறக்கும்னு சொல்லுவாங்கம்மா. இங்க யாருக்குங்க? ஒங்களுக்கா, எனக்கா?” அவளுக்கு அறுபத்து மூன்று வயது. முஸம்மில் போன பிறகு நான் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். பிறகு பிழை பொறுக்கக் கேட்டு இஸ்திஃபார் செய்தேன். பிறகு மறுபடியும் சிரித்தேன்.

இருபத்தாறாம் தேதி நானா வந்தார். விரிப்பை விலக்கிப் பார்த்துவிட்டு, “கொளவிக்காகவா கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு படுக்குற? ஒனக்கு மூளை கீளை கொழம்பிட்டா?” என்று கதவை ஓர் இழுப்பு இழுத்தார். ஓரத்து அறை ஒன்று கீழே விழுந்து உடைந்தது. குளவி வெளியே வந்து அவர் தொப்பியைச் சுற்றிப் பறந்தது. நானா பின்வாசலால் போய் முன்வாசலால் வந்து செருப்பைப் போட்டார். அதற்குப் பிறகு கதவைத் தொடவில்லை.

உடைந்ததைப் பொறுக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புழு ஒன்று, தலையைச் சிலந்தி வயிற்றுக்குள் வைத்திருந்தது. குளவி ஏதோ ஒரு புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போல ஆக்கும் என்று சுந்தரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். “இல்லடி, புழு அதோட பிள்ளை, சிலந்தி அதுக்குச் சாப்பாடு” என்று காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “அப்ப எங்க அப்பன் ஆத்தா எல்லாரும் பொய்யா சொன்னாங்க?” என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். பொழுதுபட, மஃரிபுக்கு வந்துவிட்டாள்.

நானாவிடம் சொன்னாயா?

முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவு. நிப்லாவுக்கும் மச்சானுக்கும் சலாம்.

ராத்தா


பரகஹதெனிய
14 ஓகஸ்ட்

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் பிந்திவிட்டது. வேலை. நானா பின்வாசலால் ஓடியதை வாசித்து நானும் சிரித்தேன். நானாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன்.

இங்கே நல்ல வெயில். கிணறு வற்றுகிறது. நிப்லாவுக்குப் பரீட்சை. இவரும் சலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஹ்மிதா


இரத்தோட்டை
22 ஓகஸ்ட்

அன்புப் பஹ்மிக்கு, சலாமும் துஆவும்.

உன் கடிதம் ஏழு வரி. கிணறு வற்றினால் மையுமா வற்றும்? போகட்டும். உனக்கு ஒரு நற்செய்தி.

பதினெட்டாம் தேதி முற்பகல் லுஹாத் தொழுதுவிட்டுக் குசினிக்கு வந்தேன். முதலில் கட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு கறகற சத்தம். காதை வைத்தேன். உள்ளே யாரோ மண்ணை அரிசி கடிப்பதுபோல் கடிக்கிறார்கள். அரை மணித்தியாலம். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தது, பிறகு மிளகு அளவு, பிறகு ஒரு முகம். சுந்தரம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். வெளியே வந்து, கதவில் ஏறி நின்று, சிறகை உதறிக் காயவைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. ஜூலை ஐந்திலிருந்து நாற்பத்து நாலாம் நாள். பிறகு ஒவ்வொன்றாக ஐந்து வந்துவிட்டன.

“புள்ள பொறக்கும்னு நான் சொன்னனா இல்லியா?” என்றாள் சுந்தரம்மா. சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது புதிய குளவி ஒன்று அதே இடத்தில் மண் பூசத் தொடங்கியிருக்கிறது. தாயா மகளா தெரியவில்லை. கதவு திறந்தபடியே இருக்கும் என்பது மட்டும் தெரிகிறது.

எனக்கு இந்த வீட்டில் வேலை இருக்கிறது பஹ்மி. அக்குறணையில் மைனியின் குசினியில் வெங்காயம் உரிக்கும் வேலை மட்டும்தான் இருக்கும். நானாவிடம் பேசு. நாள் போகிறது.

மச்சானின் லொறி ஓட்டம் எப்படி? எல்லோருக்கும் சலாம்.

ராத்தா


பரகஹதெனிய
17 செப்டம்பர்

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கு அல்லாஹ் சுகம் தரட்டும்.

எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். நானா சொல்வதுதான் சரி. தனியாக இருப்பது இலேசு இல்லை. பகல் எப்படியோ போய்விடும். அஸருக்குப் பிறகுதான் தெரியும். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்காக அடுப்பு மூட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அரை மணித்தியாலம் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். காற்றுக்குக் கதவு ஆடினாலும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். ஊரில் யாராவது எதிரே வந்தால் என்ன கேட்பார்களோ என்று வேறு ஒழுங்கையால் போக வேண்டும். நீங்கள் நானாவோடு போய்விடுங்கள். அங்கே நாலு பேர் இருப்பார்கள்.

நிப்லா சுகம். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பஹ்மிதா


இரத்தோட்டை
28 செப்டம்பர்

அன்புப் பஹ்மிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

புதிய குளவி ஆறு அறை கட்டி மூடிவிட்டது. ஏழாவது அறை இருபத்திரண்டாம் தேதி சிலந்தி நிறைத்து முடியவில்லை, பொழுது பட்டுவிட்டது. ஒன்பது சிலந்தி எண்ணியிருந்தேன். மறுநாள் பஜ்ருக்குப் பின் வெளிச்சம் வந்ததும் பார்த்தால், பல்லி ஒன்று அந்த அறைக்குள் தலையை விட்டிருந்தது. விரட்டினேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். சிலந்தியும் இல்லை, முட்டையும் இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஏழு மணிக்குக் குளவி வந்தது. ஒரு சிலந்தியோடு வந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தது. நான் நினைத்தேன், இனி அழும் என்று. அழவில்லை. சிலந்தியைக் கீழே போட்டது. போய் மண் கொண்டுவந்து வாயை மூடிவிட்டது. மற்ற ஆறு அறைக்கு மூடிய அதே அழகு, அதே வழுவழுப்பு. உள்ளே ஒன்றுமே இல்லாத அறை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எண்ணிக்கொண்டிருந்தேனே.

“பாவம், கெட்டிக்காரின்னு நெனச்சேன்” என்றாள் சுந்தரம்மா. கெட்டிக்காரிதான். உள்ளே காலியானாலும் மூடி வைக்கத்தான் அதற்குத் தெரியும்.

இனி உன் கடிதத்துக்கு. நீ சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. எனக்குச் சுந்தரம்மா இருக்கிறாள், அடுப்பு மூட்டும்போது இரண்டு கோப்பைக்கு மூட்டுகிறேன். கதவு ஆடாது, திறந்தே இருக்கிறது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது?

மச்சான் எப்படி இருக்கிறார்? இந்தக் கடிதத்தில் அவர் சலாம் இல்லை. சுகமில்லையா?

ராத்தா


பரகஹதெனிய
8 ஒக்டோபர்

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் நல்ல சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது. கிணறு நிறைந்துவிட்டது. முற்றத்து நெல்லி நிறையக் காய்த்திருக்கிறது, ஊறுகாய் போட்டேன், நல்லாய் வந்திருக்கிறது. நிப்லா பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் கல்யாணம், வட்டிலப்பம் நான்தான் செய்து கொடுத்தேன், எல்லோரும் புகழ்ந்தார்கள். பள்ளிவாசலுக்குப் புது மினாரா கட்டுகிறார்கள். பக்கத்துக் கடையில் புது மாடலில் ஹிஜாப் வந்திருக்கிறது, உங்களுக்கு ஒன்று வாங்கி வைக்கிறேன், அக்குறணைக்குப் போனால் உடுக்கலாம். முழங்கால் வலி குறைந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.

பஹ்மிதா


அக்குறணை
11 ஒக்டோபர்

தங்கச்சி முனவ்வராவுக்கு, சலாம்.

நலம், நலமறிய ஆவல். நவம்பர் ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு லொறியோடு வருவேன். அல்மாரியை இப்போதே காலி செய். மைனி கடைசி அறையைக் கூட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வரும் ஆள் கதவு ஜன்னல் எல்லாம் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறார். பின்கதவுக் கூட்டைச் சுரண்டி எடு. பஹ்மிதாவும் நீ வருவதுதான் நல்லது என்று போனில் சொன்னாள். ஆகவே இனிப் பேச்சு இல்லை.

ஜைனுதீன்


இரத்தோட்டை
15 ஒக்டோபர்

என் தங்கச்சி பஹ்மிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ நானாவிடம் என்ன சொன்னாய் என்று நானாவே எழுதிவிட்டார். கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, லுஹாவுக்குப் பிறகு போய்விட்டது.

உன் கடிதங்களை ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இன்று எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். நாலு கடிதம். ஜூலைக் கடிதத்தில், “இவர் சலாம் சொல்லச் சொன்னார்.” ஓகஸ்டில், “இவரும் சலாம்.” செப்டம்பரில் இல்லை. ஒக்டோபரில், நான் பெயர் சொல்லிக் கேட்ட பிறகும், இல்லை. நெல்லிக்காய் இருக்கிறது, வட்டிலப்பம் இருக்கிறது, மினாரா இருக்கிறது, பக்கத்துக் கடை இருக்கிறது. கலியாணம் முடித்த இருபத்திரண்டு வருடத்தில் நீ எனக்கு எழுதிய, சொன்ன எதிலும் மச்சான் இல்லாமல் போனதில்லை. திட்டுவதற்காவது வருவார்.

அழகாக மூடியிருக்கிறாய், பஹ்மி. நானாவுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதா? நான் எண்ணுகிறவள்.

மச்சான் எங்கே என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொல். எந்தத் தேதியிலிருந்து நீ ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றுகிறாய்?

உன் உடம்பு சுகம்தானா? உண்மையாகச் சொல்.

ராத்தா


பரகஹதெனிய
21 ஒக்டோபர்

ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓகஸ்ட் இருபத்தெட்டிலிருந்து.

அந்தப் பின்கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறதா?

பஹ்மி


இரத்தோட்டை
25 ஒக்டோபர்

என் கண்ணான தங்கச்சி பஹ்மிக்கு, அல்லாஹ்வின் ரஹ்மத்து உன்னோடு இருக்கட்டும்.

திறந்துதான் இருக்கிறது.

உன் கடிதம் நேற்று வந்தது. வாசித்தவுடன் இரண்டு ரக்அத் தொழுதேன், பிறகு அரிசி களைந்தேன், பிறகுதான் அழுதேன். அழுதது போதும் என்று சுந்தரம்மா அரிசிச் சட்டியை வாங்கி வைத்தாள். இனி விஷயத்துக்கு வருவோம். கவனமாக வாசி, ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கிறது.

முஸம்மில் மௌத்தானது முஹர்ரம் முதல் பிறை அன்று. நானா எண்ணியது சுவர்க் கலண்டர் மாதம். இத்தாவை எண்ண வேண்டியது பிறை மாதத்தில். அவருக்குக் கடைக்கணக்கு எல்லாம் கலண்டரில்தான், அதனால் பழக்கத்தில் எண்ணிவிட்டார். நான் முதல் நாளிலிருந்தே கொப்பியின் ஓரத்தில் பிறை போட்டு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் றேடியோவில் அறிவித்ததைக் கேட்டுத்தான் போட்டேன். ஜமாதுல் அவ்வல் பிறை நேற்று ஒன்று. நாலு மாதம் நிறைந்துவிட்டது. இன்னும் பத்து நாள், நேற்றையும் சேர்த்து. நவம்பர் இரண்டாம் தேதி மஃரிப் பாங்கோடு என் இத்தா முடிகிறது. மௌலவியின் வீட்டுக்காரியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நானாவின் சிவப்பு வட்டம் ஆறாம் தேதியில் இருக்கிறது. லொறி ஏழாம் தேதி வரும். நடுவில் நாலு நாள் எனக்குச் சொந்தம். நான் அவருக்குத் திருத்திச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன். கேட்கவில்லை.

மூன்றாம் தேதி காலை முதல் பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கி, அங்கே குருணாகல் பஸ் மாறி உன்னிடம் வருகிறேன். சுந்தரம்மாவும் வருகிறாள். “குருணாகலு பக்கம் நான் போனதே இல்லீங்க, புதுச் சேலை கட்டிக்கவா?” என்று கேட்டு இப்போதே அல்மாரியைக் கிண்டுகிறாள். மகள் வீட்டில் இருக்கும் மச்சானின் உம்மாவிடம் நானே பேசுகிறேன். நீ இருப்பது அந்த உம்மாவின் வீடு, ஒளித்துக்கொண்டு வெளியேற நீ ஒரு குற்றமும் செய்யவில்லை. சொல்லிவிட்டு, சலாம் கொடுத்துவிட்டு, முன்வாசலால் வருவோம். மச்சான் எப்போதாவது திரும்பி வந்து பேச நினைத்தால், இரத்தோட்டைக்கு பஸ் இருக்கிறது. அவர் எங்கே போனார், யாரோடு போனார் என்பதை நீ சொல்ல நினைக்கும் நாளில் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் சோறு உண்டு. நிப்லாவின் விடுமுறைக்கு முன்னறை. அதற்கு வெள்ளை அடித்தாயிற்று, அனுஷியாதான் அடித்தாள்.

ஏழாம் தேதி எட்டு மணிக்கு நானா லொறியோடு வருவார். குசினியில் இருப்பவர்கள்: நான், நீ, சுந்தரம்மா. “தனிப் பொம்புள இருக்க ஏலா” என்றார் அல்லவா? நானும் ஒத்துக்கொள்கிறேன். இங்கே தனிப் பொம்புள யாரும் இல்லை. அவருக்குச் சீனிச்சம்பலும் பாணும் கொடுப்போம். லொறி வெறுமையாகப் போக வேண்டாம், இரண்டு மூடை ஜாதிக்காய் ஏற்றிவிடலாம். கத்துவார். உன்னைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்துவார். அப்போது நீ அவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல். ஜூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குளவிச் செய்தி ஒன்று மிச்சம். மூடிய ஆறு அறையும் திறந்து, ஆறும் பறந்துவிட்டன. ஏழாவது மட்டும் அப்படியே இருந்தது. இன்று காலை கரண்டிக் காம்பால் நானே அதைத் திறந்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தூசு, அவ்வளவுதான். பயப்பட அதில் எதுவும் இருக்கவில்லை. கூடு முழுதும் இப்போது காலி. விரும்பினால் கதவைச் சாத்தலாம். சாத்தவில்லை. முழங்கால் வலியோடு முன்படி ஏறுவது உனக்குக் கஷ்டம். பின்வாசலில் ஒரு படிதான்.

எத்தனை பெட்டி என்று எழுது. குருணாகலிலிருந்து உன் வீட்டுக்கு எந்த பஸ் என்றும் எழுது. தபால் நாலு நாள் எடுக்கிறது, எனக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. ஆகவே இதைக் கண்டவுடன் பதில் போடு.

உன் ராத்தா
முனவ்வரா